எட்டாவது சுற்றில் நான் தூக்காத கொடி

சாலமோன் அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றிருந்தது. கால்பந்து நடுவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சங்கச் செயலாளர் போட்டிருந்தார்: “நமது மாவட்ட நடுவர் திரு. சாலமோன் அவர்கள் இன்று மைதானத்துக்குப் பார்வையாளராக வந்திருந்தபோது மாரடைப்பால் காலமானார். ஆழ்ந்த இரங்கல்.” கீழே மூன்று கும்பிடும் கைகள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அன்று காலை சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்திய படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. யாரோ அவற்றுக்குக் கட்டை விரல் தூக்கியிருந்தார்கள்.

பார்வையாளர். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, குமட்டியது. அவர் விழுந்தபோது என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கறுப்பு உடுப்பும், முதுகில் ஊக்கு குத்திய ஏழாம் எண்ணுமாக ஓடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் துப்பினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், “வாந்தியா பாப்பா? எலுமிச்சம்பழம் கீது, மோந்து பாரு” என்று கையில் வைத்தார். பூஞ்சேரியில் இறங்கும்வரை அந்தப் பழத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அண்ணனுடைய முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சிடும் மடலில் நான் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி எஸ்தர் அக்கா கேட்டார்கள். என் பெயர் கோமதி. வயது பதினெட்டு. மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கு வீட்டு நிலைமை பாதிக் காரணம், எழுந்து நின்று பதில் சொல்ல முடியாதது மீதிக் காரணம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, செங்கல்பட்டில் கால்பந்து நடுவர் பயிற்சி முகாமுக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோதுதான் அண்ணனை முதன்முதலில் பார்த்தேன். மேசையில் இருந்தவர் என்னிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்டார். என்னிடம் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் தோள் நனைந்த டி-ஷர்ட்டோடு நின்றிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், ஆஃப்சைடு போறவன் மார்க்‌ஷீட்ட பாத்துட்டா நிக்கப் போறான்? ஃபார்ம்ல அதுமாரி ஒண்ணும் போடல சார். பொண்ணு பேர எழுதிக்க.”

வரிசை சிரித்தது. என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

கூடுவாஞ்சேரி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவருடைய தொழில். தோள் நனைந்திருந்தது அதனால்தான். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. முகாமில் மூத்தவர் அவர், இளையவள் நான். மூன்று நாளும் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ரூல் புத்தகத்தின் ஆங்கிலம் இருவருக்குமே பிடிபடவில்லை. அவர் படத்தைப் பார்த்து ஒன்று சொல்வார், நான் நோட்டில் வேறொன்று எழுதிக் காட்டுவேன், சொல்லிக் கொடுப்பவர் இரண்டுமே தப்பு என்பார்.

எழுத்துத் தேர்வில் நான் தேறினேன், அவர் தேறவில்லை. கோலுக்குள் போகும் வழியில் பந்து வெடித்துவிட்டால் நடுவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. ஆட்டத்தை நிறுத்தி, வெடித்த இடத்தில் வேறு பந்தைப் போட்டுத் தொடர வேண்டும். அண்ணன் அந்தப் பந்தை யார் வாங்கி வந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும் என எழுதிவிட்டார். அதைத் தாமே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினார். ஆக, மாவட்ட நடுவர் என்ற முதல் படியில் நான் அவருக்கு மூத்தவள். கடைசிவரை என்னை அவர் “சீனியர்” என்றுதான் கூப்பிட்டார்.

எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். “சின்ன வயசுல ஒரு ஃபைனல்ல ரெஃப்ரி எங்கள ஏமாத்திட்டான். சாயந்தரம் வரிக்கும் அவன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன். நல்லா சாப்ட்டான், நல்லா சிரிச்சான். அத்த பாத்தப்பதான் தோணுச்சு, இந்த வேலைய ஒருத்தனாவது ஒழுங்கா செய்யணும்னு” என்றார்.

நாங்கள் சேர்ந்து செய்த முதல் ஆட்டம் செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு மைதானம். அவர் நடுவர், நான் கோட்டு நடுவர். விசில் அவரிடம், கொடி என்னிடம். ஆட்டம் தொடங்கும் முன்பு கோட்டு நடுவர்கள் இருவரின் கொடியையும் வாங்கி, ஒருமுறை விரித்து உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது அவருடைய வழக்கம். “உனக்கு இன்னா கவலை சீனியர்? இந்த வேலைல வாயே தொறக்க வேணாம். கொடிய தூக்கு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார். அன்று உள்ளூர் அணி போட்ட கோலுக்கு நான் ஆஃப்சைடு கொடி தூக்கினேன். பந்து வருவதற்கு முன்பே அவன் எதிரணி ஆட்களைத் தாண்டி நின்றிருந்தான், கோல் செல்லாது. அந்த அணியின் மேலாளர் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார்.

“யோவ், பொட்டப்புள்ள தூக்கன கொடிய நம்பி கோல கேன்சல் பண்றியா?”

“அண்ணாத்த, ஆம்பள கொடி பொம்பள கொடின்னு ரூல் புக்ல ரெண்டு கொடி போடல. நீ கோட்டுக்கு வெளிய போ.”

போகவில்லை. அண்ணன் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அவர் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பும்போது அவருடைய லோடு ஆட்டோவின் கண்ணாடியை உடைத்து வைத்திருந்தார்கள். சாணி வேறு அப்பியிருந்தது. அவர் கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் பின்னால் வருவது விளங்காது. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் ஓர் ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் பூஞ்சேரிப் பையன்கள். அந்தத் தொடர் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லாதவர்கள், பாதிப் பேர் காலில் ஷூ இல்லை. கடைசி நிமிடத்தில் ஒரு பையன் கோல் போட்டான். ஆஃப்சைடு. தெளிவாகப் பார்த்தேன். அவன் முகத்தையும் பார்த்தேன். கொடி என் தொடையோடு ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் வந்து நின்றார்.

“சீனியர், அது ஆஃப்சைடா?”

தலையாட்டினேன்.

“பயந்தியா, பாவம் பாத்தியா?”

“பாவம் பார்த்தேன்” என்றேன்.

“பயந்திருந்தா கூட பரவால்ல. ஒருத்தனுக்கு நீ பாவம் பாத்தா இன்னொருத்தன் வயித்துல அடிக்கறேன்னு அர்த்தம். நானே வந்து உன் எதுர்ல நின்னாலும் தூக்கணும். புரியுதா?”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான். பிறகு உட்கார்ந்து ஆட்ட அறிக்கை எழுதினார். “கடைசி கோல் செல்லத்தக்கதல்ல. நடுவராகிய நான் கவனிக்கத் தவறினேன். கோட்டு நடுவரும் தவறினார்.” தம் பெயரை முதலில் போட்டார். தன் தவற்றைத் தானே அறிக்கையில் எழுதும் நடுவரைச் சங்கத்தில் அதுவரை யாரும் கண்டதில்லை. செயலாளர் அதை எல்லார் முன்பும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அண்ணனுக்கு அந்த ஆண்டு பெரிய ஆட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. உடன் இருந்த நடுவர்கள், “உனக்கு இன்னாத்துக்கு இந்த அரிச்சந்திரன் வேஷம்?” என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அறிக்கையை மாற்றி எழுதுபவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த மே மாதம் மாநிலத் தகுதிக்கான தேர்வு வந்தது. மாவட்டத்துக்கு அடுத்த படி அது. வயது வரம்பால் அண்ணனுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இருவரும் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தோம். மீதம் இருந்தது ஓட்டத் தேர்வு மட்டும். அவர் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் கொளவாய் ஏரிக்கரையில் ஓடினார். மற்ற நாட்களில், லிஃப்ட் இருந்தும் படியேறி நான்காம் மாடிக்குக் கேன் போட்டார்.

ஓட்டத் தேர்வு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைதானத்தைப் பத்துச் சுற்று. ஒரு விசிலுக்கு ஓட வேண்டும், அடுத்த விசிலுக்கு நடக்க வேண்டும், மறுபடி ஓட்டம். விசில் ஊதும்போது ஒரு காலாவது கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். சுற்றில் உள்ள ஒவ்வொரு கோட்டிலும் கொடியோடு ஒருவர் நிற்பார். ஓடி வருபவர் முதல் முறை பிந்தினால் கொடி தூக்கி எச்சரிக்க வேண்டும். இரண்டாம் முறை பிந்தினால் கொடி தூக்கி வெளியே அனுப்ப வேண்டும்.

பெண்கள் காலை ஆறரைக்கே ஓடி முடித்தோம். நான் தேறினேன். ஆண்களை மட்டும் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைத்துத் தொடங்கி வைப்பார் என்று நிறுத்தி வைத்தார்கள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. எட்டு ஆண்களும் கறுப்பு உடுப்போடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். வரும் நேரம் தெரியாததால் உட்காரவும் விடவில்லை. தண்ணீர் டிரம் பத்து மணிக்குக் காலியானது. மேடையில் ஒரு பெட்டி பாட்டில் பிரிக்காமல் இருந்தது. அது மேடைக்கானது என்றார்கள்.

“ஏரியாவுக்கே தண்ணி போடறவன் நானு. என் நாக்குக்கு இல்ல பாத்தியா” என்று அண்ணன் சிரித்தார். விடியற்காலை லோடு இறக்கிவிட்டு, ஓடுவதற்காக வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.

பத்தரைக்கு மேல் கார் வந்தது. சால்வை, மாலை, படம், பேச்சு. இளைஞர்களின் உடல்நலம் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். பதினொன்றேகாலுக்கு ஓட்டம் தொடங்கியது. ஆள் போதவில்லை என்று இரண்டாவது கோட்டில் என்னைக் கொடியோடு நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் போட ஒரு தாள் கொடுத்தார்கள்.

ஆறாவது சுற்றில் அண்ணன் பிந்தினார். கொடி தூக்கினேன். எச்சரிக்கை. என்னைக் கடக்கும்போது, “சரியா தூக்கன சீனியர்” என்றார், மூச்சுக்கு நடுவில்.

எட்டாவது சுற்றில் மறுபடி. விசில் ஊதியபோது அவருடைய கால் கோட்டை எட்ட இன்னும் ஓர் அடி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. வியர்வை நின்று தோல் உலர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கேட்கும் பார்வை அல்ல அது. வெறுமனே பார்த்தார். கடைசி வாய்ப்பு என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். கொடியைத் தொடையோடு அழுத்திப் பிடித்து, தாளில் டிக் போட்டேன்.

ஒன்பதாவது சுற்றின் வளைவில் அவர் விழுந்தார்.

ஆம்புலன்ஸ் இல்லை, ஏற்பாடே செய்யவில்லை. விருந்தினர் காரைக் கேட்டார்கள். “சீட்டெல்லாம் வேர்வையாயிடும் சார், ஐயாவுக்கு அடுத்த ப்ரோக்ராம் கீது” என்றார் ஓட்டுநர். ஐயா மேடையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் அவருக்கும் மைதானத்துக்கும் நடுவில், மறைப்பதைப் போல நின்றார். கடைசியில் மூன்று பேர் தூக்கி, அண்ணனுடைய லோடு ஆட்டோவிலேயே, காலிக் கேன்களைத் தள்ளிவிட்டு அவரைக் கிடத்தினார்கள். நானும் ஏறப் போனேன். “லேடீஸ் வேணாம், நீ வூட்டுக்குப் போ” என்று யாரோ தள்ளினார்கள். போனேன். மேடைப் பக்கம் பிரியாணி டப்பாக்கள் வந்து இறங்கியதைத் திரும்பிப் பார்த்தேன். தாளை மட்டும், நாங்கள் எப்போதும் செய்வதுபோல், மடித்துக் காலுறைக்குள் செருகியிருந்தேன்.

அடக்கத்துக்குச் செயலாளர் பெரிய மாலை கொண்டுவந்தார். அதில் சங்கத்தின் பெயர் எழுதிய ரிப்பன் வெளியே தெரியும்படி நீவிவிட்டு, படம் எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டுதான் கையை எடுத்தார்.

நான்காம் நாள் என்னை அழைத்தார். போனேன். மசால் வடை தின்றுகொண்டிருந்தார். டைப் செய்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சாலமோன் ஆறாவது சுற்றிலேயே வெளியேற்றப்பட்டார், அதன்பின் தம் விருப்பப்படி பார்வையாளராக உட்கார்ந்திருந்தார் என்று அதில் இருந்தது. உடன் ஓடிய மற்ற ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செயலாளரின் விரல் பட்ட இடத்தில் எண்ணெய் படர்ந்து எழுத்து தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. எந்தக் கறை எதில் போகும் என்று தெரிந்துவைத்திருப்பது என் வேலை. அந்தக் காகிதத்தைத் தொட எனக்குக் கை கூசியது.

“அந்த டிக் ஷீட்டு உங்கிட்டதான கீது? குடுத்துடு. இதுல ஒரு சைன் போடு.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இன்னாம்மா யோசனை? அவன் எட்டாவதுல லேட்டு, எல்லாரும் பாத்தாங்கோ. நீ கொடி தூக்கல. தூக்கியிருந்தா உக்காந்திருப்பான், உயிரோட இருந்திருப்பான். இத்த நான் வெளிய சொல்லட்டா? உன் பேரு பாஸ் லிஸ்ட்ல கீது. பதினெட்டு வயசுல ஸ்டேட் ரெஃப்ரி. கெடுத்துக்காத.”

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. வெயிலில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தவருடைய வாயிலிருந்து, வடைத் துணுக்கோடு, என் குற்றம் வந்தது. “நாளைக்குத் தரேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். எஸ்தர் அக்கா, அடுக்கி வைத்திருந்த காலிக் கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாளைக் கொடுத்துவிட்டு, எட்டாவது சுற்றைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அக்கா டிக்குகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்கள்.

“தெருவுல இன்னா சொல்றாங்கோ தெரியுமா? ஃபெயிலாயிட்டு அவமானத்துல செத்துட்டாராம். வுழறப்ப ஓடிகினு இருந்தாரா, உக்காந்திருந்தாரா?”

“ஓடிட்டிருந்தார் அக்கா.”

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: “நீ தூக்கியிருந்தா உன்ன திட்டியிருப்பாரு. வூட்டுக்கு வந்து, இங்க உக்காந்துகினு, சோறு துன்னுகினே திட்டியிருப்பாரு.”

எனக்கு மன்னிப்பு கிடைத்ததாக நான் எழுத மாட்டேன். கிடைக்கவில்லை. எழுந்து உள்ளே போன அக்கா ஒரு பேனாவோடு வந்தார்கள். “அவரு எழுதறமாரி எழுது. ஒண்ணும் வுடாத” என்றார்கள்.

செயலாளரின் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. தேறியவர் பட்டியல் வந்துவிட்டது. அதில் என் பெயர் இல்லை. குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும் நடுவர்களில் ஏழு பேருக்கு நான் எழுதியது எதுவும் புதிதல்ல. நீங்கள் ஓடிய அதே சுற்றில்தான் அவரும் ஓடினார். அவருடைய உடம்பைத் தாண்டித்தான் பத்தாவது சுற்றை முடித்தீர்கள். உங்கள் விசிலை வாயில் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கொடியைப் பிடித்த என் கையை நானும் இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாலமோன் அண்ணன் பார்வையாளர் அல்ல. ஒன்பதாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தவர். அவர் தேறினார் என்றும் நான் சொல்ல மாட்டேன், அது அவருக்குப் பிடிக்காது. அந்தத் தாளில் வியர்வையில் ஊறிய எட்டாவது டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அக்காவின் எதிரிலேயே, அண்ணன் எழுதும் முறையில் இப்படி எழுதினேன்:

“கோட்டு நடுவராகிய நான் தவறினேன். எட்டாவது சுற்று, எண் ஏழு, சாலமோன். கோட்டுக்கு ஓர் அடி குறைவு. இரண்டாம் முறை. கொடி தூக்கப்படுகிறது. கோமதி.”

ஆட்டம் நின்றுவிட்டது அண்ணா. வெயிலை விட்டு வெளியே வாருங்கள். வீட்டுக்குப் போங்கள்.